சின்னவள் வாசித்த கொலைகள்

காதல் கதை எழுதுகிறவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, "அந்த ரெண்டு பேரையும் வாயத் திறந்து பேச விடுங்கடா" என்று ஆளுக்கு ஓர் அறை வைக்க வேண்டும் என்பது பெரியவளின் நெடுநாள் அபிப்பிராயம். ஒரு வார்த்தை பேசினால் பதினைந்தாம் பக்கத்திலேயே தீர்ந்து போகிற சமாச்சாரம். பேச மாட்டார்களே! அவன் முறைத்துக்கொண்டே திரிவான். இவள் சமதரையில் கால் தடுக்கிச் சரியாக அவன் நெஞ்சில் போய் விழுவாள். ஒழுங்காக நடக்கத் தெரியாதவளுக்குக் காதல் ஒரு கேடா என்பாள் பெரியவள்.

மாயாஜாலக் கதை அவளுக்கு அதைவிட ஆகாது. முதல் பக்கத்தில் இல்லாத ஊருக்கு ஒரு வரைபடம், கடைசிப் பக்கத்தில் இல்லாத பாஷைக்கு ஓர் அகராதி, நடுவில் வாய் கொப்பளிக்கிற சத்தத்தில் பெயர்கள். "மந்திரம் தெரிஞ்சவன் எதுக்கு மாசக்கணக்குல குதிரையில போறான்? இவன்தான் ராஜா ஆவான்னு தாடிக்காரக் கிழவன் மொத அத்தியாயத்துலயே சொல்லிட்டான். அப்புறம் எதுக்கு ஏழு பாகம்?" என்று கேட்பாள். இதற்கு இதுவரை யாரும் அவளுக்குப் பதில் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே!

கொலைக் கதைதான் கதை. ஒருத்தன் செத்தான், ஒருத்தன் கொன்றான், நடுவில் இருப்பதெல்லாம் பொய். அந்தப் பொய்யைப் பிரித்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதிலும் அவளுக்கு ஆயிரம் சட்டம் உண்டு. இரட்டைப் பிறவி என்று எவனாவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாள். துப்பறிகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் வாசிக்கிறவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் சட்டைப் பையிலிருந்து புது ஆதாரத்தை எடுத்து நீட்டுகிறவனை அவள் எழுத்தாளன் என்று சொல்ல மாட்டாள், பிக்பாக்கெட் என்பாள். வேலை நேரத்தில் குடித்துவிட்டுச் சொந்தச் சோகத்தை நினைத்து அழுகிற இன்ஸ்பெக்டரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "அழுறதுன்னா வீட்டுல போய் அழு. இங்க பொணம் நாறுது."

அவள் பார்த்த வேலை அப்படி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேஜை. தலைக்கு மேலே வெள்ளை டியூப் லைட், எதிரே சட்டைக் குவியல். ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பி, காலரை மடக்கி, பொத்தானை ஓர் இழு இழுத்து, தையலில் பிசிறு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, குற்றம் இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போடுவாள். அவள் போட்ட சட்டை திரும்பி வந்தால் தைத்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. செக்கிங்காரி என்றுதான் தொழிற்சாலை முழுக்க அவளுக்குப் பேர். அந்தப் பேரில் அவளுக்குப் பெருமைதான்.

சர்க்கரை வியாதி முதலில் வேலையைப் பறித்தது, பிறகு புத்தகத்தை. கண்ணுக்குப் பின்னால் நரம்பில் ஏதோ கசிந்து கெட்டுப் போய்விட்டது, இனி திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். கதவு தெரிகிறது, நாற்காலி தெரிகிறது, வருகிறவர் ஆணா பெண்ணா என்று தெரிகிறது. ஆனால் எந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறாளோ அந்த எழுத்து மட்டும் காணாமல் போய்விடும். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்தாள். கடைசியில் அதைச் சுவரில் விட்டெறிந்தாள்.

வெளியூரில் வேலை பார்க்கிற மகன் போனில் புத்தகம் கேட்க ஏற்பாடு செய்து கொடுத்தான். அந்த மெஷின் குரல் "ரத்தம்" என்பதையும் "ரசம்" என்பதையும் ஒரே மாதிரிச் சொன்னது. அதுவும் அவள் விரும்புகிற பழைய துப்பறியும் நாவல்கள் எல்லாம் மஞ்சள் பூத்த தாளில்தான் கிடக்கின்றன, எந்தப் போனிலும் இல்லை. தெரு முனையில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற லைப்ரரி அம்மாவிடம் அலமாரி அலமாரியாக இருக்கிறது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் கொழுந்தன் ஒரு காரியம் செய்தான். அண்ணனும் தம்பியுமாக முன்பக்கத்தில் பாட்டரி கடை வைத்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் கீழ் வீட்டில் பெரியவள் குடும்பம், மாடியில் கொழுந்தன் குடும்பம். சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் அவன் மார் தட்டிக்கொண்டான். "என்ன அண்ணி இதுக்குப் போய்க் கவலைப்படுறீங்க? இவ வாசிப்பா. மத்தியானத்தோட மருந்துக்கடை வேலை முடிஞ்சுருது. சும்மாதானே இருக்கா."

சும்மா இருக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இந்த இரண்டு ஓரகத்திகளுக்கும் நடுவில் நல்ல பேச்சுவார்த்தை என்றைக்கு இருந்தது? சின்னவள் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் பாதி காதல் நாவல், மீதி மாயாஜாலக் கதை. பெரியவள் முதல் வாரமே அந்தப் பெட்டியை செக்கிங் மேஜையாக்கி விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையைப் படித்து, "இதுல அவ ஓடிப் போவா, கடைசியில ஏர்போர்ட்டுல பிடிப்பான்" என்று ஒரு தீர்ப்பு சொல்லித் தூக்கிப் போட்டாள். அன்றிலிருந்து சின்னவள் வாசிப்பதை மாடியோடு வைத்துக்கொண்டாள். விருந்தாளி வந்தால் பெரியவள் கேட்பாள், "எங்க வீட்டு இளவரசி என்ன படிக்கிறா இப்ப? டிராகனுக்குக் கல்யாணம் ஆச்சா?" எல்லாரும் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள், வேறு என்ன செய்வாள்.

ஆனாலும் வந்தாள். தினமும் சாயங்காலம் டீ குடித்த பிறகு இறங்கி வருவாள், ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போடுவாள், விட்ட பக்கத்தைப் பிரிப்பாள். எங்கே போவாள் பெரியவள் இந்தக் குரலை விட்டால்? அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்தாள், மாத்திரை தின்றாள், மத்தியானத்தை நெட்டித் தள்ளினாள். அதைச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

"வேகமா வாசிக்காதே. யார் பின்னாலயும் போலீஸ் வரல" என்பாள்.

"சரிக்கா."

"டாக்டர் பேசுறப்ப அதே குரல், வேலைக்காரி பேசுறப்பவும் அதே குரலா?"

"சரிக்கா."

மறுநாளிலிருந்து டாக்டருக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல், வேலைக்காரிக்கு மூக்கால் ஒரு குரல், பிணத்தைப் பார்த்தவளுக்கு மூச்சே வராத ஒரு குரல் என்று சின்னவள் ஆரம்பித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள், பாவி. பெரியவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதையும் சொல்லவில்லை.

முதல் நாவலில் கொலை செய்தது ஒரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா. பெரியவள் அந்த வீட்டு டிரைவரைச் சந்தேகப்பட்டிருந்தாள், தப்பாகிவிட்டது. இரண்டாவதில் ஜமீன் வீட்டு மூத்த மருமகள். அதிலும் அவள் தோற்றாள். எத்தனையோ வருஷமாகப் பாதிப் புத்தகத்திலேயே ஆளைக் காட்டிக் கொடுக்கிறவள் வரிசையாகத் தோற்றால் எப்படி இருக்கும்? கண் போனதோடு புத்தியும் மழுங்கிவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்து போனாள்.

மூன்றாவது, ஒரு மலையடிவார ஹோட்டலில் நடக்கிற கதை. முதலாளி செத்துக் கிடக்கிறார், அறை உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது. கடைசியில் முதலாளியின் அண்ணி மாட்டிக்கொள்கிறாள். ஏன் கொன்றாள் என்று துப்பறிகிறவர் கேட்க, அவள் சொல்கிறாள்: "என்னைப் பார்த்தாலே இந்த வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர் ஒருவர்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை." சின்னவள் அதைத் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தபோது, பெரியவள் தன்னை மறந்து "அடடா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு இருமி மழுப்பினாள்.

அன்றைக்குப் படுக்கையில் அந்த அண்ணியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த அண்ணி எந்தத் துணியை எடுத்தாலும் உள்பக்கம் திருப்பிப் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பாள் என்று ஒரு வரி வந்ததே, அது எங்கேயோ உறுத்தியது. ஹோட்டல் கதை எழுதுகிறவனுக்குத் துணியின் உள்பக்கம் எதற்கு? பூட்டு, சாவி, ஜன்னல் கம்பி என்று எழுதிக்கொண்டு வந்தவன் திடீரென்று தொழிற்சாலைப் பேச்சு பேசுகிறானே? பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டரம்மாவை நினைத்தாள், ஜமீன் மருமகளை நினைத்தாள். மூன்று பேரும் பெண்கள், மூன்று பேருக்கும் நாக்கு நீளம், மூன்று பேரும் அடுத்தவர் செய்வதில் குற்றம் கண்டுபிடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். டிரைவர், டாக்டர், வக்கீல் என்று இத்தனை பேர் இருக்க, கொலை மட்டும் ஏன் ஒரே ஜாடையில் இருக்கிறவள் கையால் நடக்கிறது?

அட கேடுகெட்டவளே என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே, இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், புத்தி மழுங்கவில்லை என்ற சந்தோஷமும் வந்தது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மேல் பழி போடுகிறவள் இல்லை பெரியவள். லைப்ரரி அம்மாவிடம் ஆள் அனுப்பி, தான் கண் நன்றாக இருந்தபோது வாசித்த ஒரு நாவலைக் கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் நடக்கிற கொலை. மருந்து கலக்கிற கம்பவுண்டர்தான் கொன்றவன். அவன் அளவுக் குடுவையைக் கழுவாமல் வைத்தது முதற்கொண்டு அவளுக்கு மனப்பாடம்.

"இதுவும் புதுசாக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

"பேர்கூடக் கேள்விப்பட்டதில்ல. வாசி."

ஒரு வாரம் வாசிப்பு நடந்தது. குடுவை வந்தது, கம்பவுண்டரின் கை நடுங்கியது, எல்லாம் அச்சில் இருந்தபடியே வந்தது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் சின்னவள் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு வாசித்தாள், தடங்கல் இல்லாமல், பக்கத்தைப் புரட்டுகிற சத்தம்கூட சரியான இடத்தில் கேட்டது. கொலை செய்தது வார்டு மேற்பார்வை பார்க்கிற தலைமை நர்ஸ். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் நோயாளியையே எழுப்பித் திட்டுகிறவள்.

"நல்லா இருந்துச்சாக்கா?" என்றாள் சின்னவள், புத்தகத்தை மூடிக்கொண்டே.

"ம்" என்றாள் பெரியவள். "ஞாயித்துக்கெழம காலையில எல்லாரும் இங்க வாங்க. ஒரு விஷயம் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. கீழ் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைச் சுற்றிப் போட வைத்தாள். வீட்டுக்காரர், கொழுந்தன், சின்னவள், புத்தகம் திருப்பி வாங்க வந்த லைப்ரரி அம்மா, எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெரியவள் மட்டும் நின்றாள். இத்தனை காலம் வாசித்த புத்தகங்களில் எல்லாம் இந்தக் காட்சிக்காகத்தான் அவள் காத்திருப்பாள், இப்போது தானே அதற்குள் நிற்கிறாள்.

"யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது."

"கேஸ் சிலிண்டர்காரன் வந்தா?" என்றார் வீட்டுக்காரர்.

"வந்தா நிக்கட்டும்."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இன்ஸ்பெக்டரம்மா, மருமகள், பிசிறு பார்க்கிற அண்ணி, கழுவாத குடுவை, கம்பவுண்டர். லைப்ரரி அம்மாவைக் கூப்பிட்டு அந்த ஆஸ்பத்திரி நாவலின் கடைசி அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். கம்பவுண்டர் அழுதுகொண்டே ஒத்துக்கொள்வது கூடம் முழுக்கக் கேட்டது. பெரியவள் திரும்பி, நாற்காலியில் மங்கலாகத் தெரிந்த உருவத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இவதான். நாலு புத்தகத்தையும் நாசம் பண்ணினவ இவதான்!"

ஓர் அழுகை வரும், ஒரு மழுப்பல் வரும், குறைந்தபட்சம் "யார் சொன்னது" என்றாவது வரும் என்று எதிர்பார்த்தாள். அதுதானே வழக்கம்.

"ஆமா, மாத்தினேன்" என்றாள் சின்னவள்.

"எதுக்குடி?"

"எதுக்கா? கொழந்த வயித்துலயே போயி நான் மாடியில படுத்துக் கெடந்தப்ப, பாக்க வந்தவங்கள எல்லாம் கூட்டிட்டு மேல வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? தலமாட்டுல ஒரு கதப் புத்தகம் இருந்துச்சு. அத எடுத்து, அதுல வர்ற பொண்ணு பேசுற மாதிரி இழுத்து இழுத்து வாசிச்சீங்க. ரூமே சிரிச்சுது. எனக்கு அன்னைக்கு அந்தப் புத்தகத்தத் தவிர வேற எதுவும் இல்லக்கா. அதையும் சிரிப்பாக்கிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டீங்க."

கொழுந்தன் செருமினான். பெரியவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பெண்ணின் குரலை அச்சு அசலாகப் பிடித்துவிட்டதாக அன்று பூரித்துப் போனதும் ஞாபகம் இருந்தது. நெஞ்சுக்குள் என்னவோ சுருக்கென்றது. அந்தச் சுருக்கைக் காட்டிக்கொள்ள அவளுக்குத் தெரியாது, பழக்கமே இல்லை.

"அதுக்காக? எழுதி வச்சவன் எழுத்துல கை வைக்கிறதா? கண்ணு தெரியாதவள ஏமாத்துறதா? என் மேல கோவம்னா என்னைத் திட்டு. புத்தகம் என்னடி பண்ணுச்சு உன்ன?"

"பாத்தீங்களா, இப்பவும் புத்தகத்துக்குத்தான் பரிஞ்சு பேசுறீங்க" என்றாள் சின்னவள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "நாளையிலருந்து நீங்களே வாசிச்சுக்குங்க."

மாடிப்படியில் அவள் ஏறிப் போகிற செருப்புச் சத்தம் நிதானமாகக் கேட்டது. பெரியவள் ஜெயித்துவிட்டாள். ஆதாரம் ஒன்றில்கூடப் பிசகு இல்லை. குற்றவாளியைப் போலீஸ் வண்டியில் ஏற்றியதும் அந்தப் புத்தகங்கள் முடிந்துவிடுகின்றன, மறுநாள் சாயங்காலத்தைப் பற்றி அவற்றில் எவனும் ஒரு வரி எழுதியதில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்தது, டீயும் வந்தது. வீட்டுக்காரர் மனமிரங்கிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பாட்டரிக்கு வாரண்டி அட்டை வாசிக்கிற மாதிரி வாசித்தார். பிணத்தைக் கண்டெடுக்கிற இடத்தில் ஒரு கொட்டாவி விட்டார். இரண்டாம் நாள் கொழுந்தன் வந்தான். வந்தவன் முதலிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, சமையக்காரன்தான் அண்ணி, அப்புறம் எதுக்கு இவ்வளவு பக்கம்?" என்றான். அவனை அடித்துத் துரத்தாத குறை. மகன் போனில் இன்னொரு மெஷின் குரலைப் போட்டுக் கொடுத்தான். அது பெண் குரல். அதற்கு எந்தப் பிணத்தைப் பார்த்தாலும் சந்தோஷமாக இருந்தது.

வேலைக்கு ஆள் வைத்து வாசிக்கச் சொல்லலாம் என்று வீட்டுக்காரர் யோசனை சொன்னார். டாக்டருக்குச் செருமுகிற குரலை, மூச்சு வராத குரலை எந்த வேலைக்காரி கொண்டுவருவாள்? அதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கதையை நினைக்கும்போதெல்லாம் கம்பவுண்டர் வரவில்லை, தலைமை நர்ஸ்தான் வந்தாள். நர்ஸ் கொன்றதில்தான் ஒரு நியாயம் இருந்தது. கம்பவுண்டர் எதற்குக் கொன்றான் என்று யோசித்தால், எழுதினவனுக்கு யாராவது ஒருத்தன் வேண்டும், அதற்காகக் கொன்றான். அவ்வளவுதான். எழுத்தாளனைவிட அந்தக் கழுதை நன்றாக முடித்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கிடந்தாள். புத்தகம் இல்லாத சாயங்காலம் முடியவே முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "வந்து வாசி. நீ எப்படி மாத்தினாலும் சரி." மன்னிப்பு என்ற வார்த்தையை அதில் எங்கே செருகுவது என்று தெரியவில்லை. மேலே போனால் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தடவித் தடவி மாடிப்படி ஏறினாள்.

பாதிப் படியிலேயே குரல் கேட்டது. சின்னவளின் குரல்தான், வாசிக்கிற குரல். நடுநடுவே லைப்ரரி அம்மாவின் சிரிப்பு, கூடவே மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு மூன்று பேருடைய சத்தம். பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. எதையும் பார்த்து வாசிக்கவில்லை, சொந்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியவள் அப்படியே நின்றாள்.

"துணி தைக்கிற ஃபாக்டரி. காலையில கதவத் தொறந்தா, செக்கிங் மேஜை மேல அவ செத்துக் கெடக்கறா. மேல டியூப் லைட் எரியுது. கையில சிவப்பு ஸ்டிக்கர், நெத்தியில ஒரு சிவப்பு ஸ்டிக்கர்."

"ஐயய்யோ!" என்றாள் ஒருத்தி.

"நூறு பேர் வேல பாக்குற எடம். ஒருத்திகூட அழல. சாப்பாட்டு மணி அடிச்சுது, போய்ச் சாப்பிட்டுட்டு வந்து மறுபடி சுத்தி நின்னாங்க."

உள்ளே சிரிப்பு வெடித்தது. பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்கிப் போயிருக்கலாம், இல்லை மேலே போய் ஒரு கத்து கத்தியிருக்கலாம். இரண்டும் முடியவில்லை, கதை ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவள் ஒவ்வொருத்தரையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். காலர் தைக்கிறவள், எல்லார் முன்னாலும் செத்தவள் தூக்கிப் போட்ட சட்டையின் தையலை மகளின் கல்யாண நாளன்று உட்கார்ந்து பிரித்தவள். பொத்தான் வைக்கிறவள், திக்குவாய், அவள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தாளாம் செத்தவள். சூப்பர்வைசர். வாட்ச்மேன். செத்தவளின் சொந்தப் புருஷன், வீட்டில் சிரிப்பதற்குக்கூட அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கதையில் வருகிறவர்களின் குரல் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தது. சட்டம் எதையும் அவள் மீறவில்லை. ஆதாரத்தையெல்லாம் முன்னாலேயே வைத்துவிட்டாள். இரட்டைப் பிறவி இல்லை, அழுகிற இன்ஸ்பெக்டர் இல்லை. குற்றம் சொல்ல ஓர் இடம் தேடினாள் பெரியவள், ஓரிடமும் கிடைக்கவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் தையல் மெஷின்களுக்கு நடுவே நிற்க வைத்தார். படியில் இருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்போது உள்ளே சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். நாற்காலிகள் நெருங்கி வருகிற சத்தம், கிசுகிசுப்பு, பிறகு லைப்ரரி அம்மாவின் குரல்: "அட, அவளா! அய்யோ, நான் நெனைக்கவே இல்லயே!"

"யாரு?" என்றாள் பெரியவள். அது வாய்க்கு வெளியே வந்துவிட்டது. "யாருடி அது? யாரு கொன்னது?"

வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை, முகம் இருக்கிற இடத்தில் வெறும் மங்கல்தான்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

"அது கெடக்கட்டும். யாரு கொன்னா, சொல்லு."

"கண்டுபிடிங்கக்கா" என்றாள் சின்னவள். "நீங்கதான் பெரிய துப்பறியும் புலியாச்சே."

கதவு சாத்திக்கொண்டது. சொல்ல வந்த வார்த்தை பெரியவளுக்கு இப்போது ஞாபகத்திலேயே இல்லை. படியில் உட்கார்ந்தபடியே கதையை முதலிலிருந்து திரும்பப் போட்டுப் பார்த்தாள். காலர் தைத்தவள், பொத்தான்காரி, சூப்பர்வைசர், வாட்ச்மேன், புருஷன். ஒவ்வொருத்தராக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒருத்தரையாவது இவர் செய்திருக்க மாட்டார் என்று தள்ளி வைக்கப் பார்த்தாள். யாரையும் தள்ள முடியவில்லை.